பூனையின் கழுத்துப்பட்டை

(வாசகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



என்னை உங்களுக்கு அறிமுகம் செய்துவைத்த தலைவர் அவர்கள், பூனைக்கு மணி கட்டுவது யார் என்று எலிகள் கூடி ஆலோசித்த கதையைச் சொல்லி உங்களையெல்லாம் சிரிக்கவைத்துவிட்டபடியால், பூனையைப் பற்றிப் பேச எழுந்த எவனும் முதலில் சொல்லித் தீரவேண்டிய அந்தக் கதையைச் சொல்லும் சிரமம் எனக்கு மிச்சமாயிற்று. அந்தக் கதையிலே எலிகளுக்கு இருந்த கவலையெல்லாம் கட்டப்போகிறவர் யார் என்பது ஒன்றுதான்; எதைக் கொண்டு கட்டுவது, எவ்வளவு இறுக்கிக் கட்டுவது, கட்டிய பிற்பாடு பூனையின் கதி என்னவாகும் என்பதைப் பற்றியெல்லாம் அவை யோசிக்கவில்லை. எலிகள் யோசிக்காததில் ஆச்சரியமில்லை. பூனையை மடியிலே வைத்துச் சீராட்டுகிற நாமும் அவற்றுக்கு மேல் ஓர் அங்குலமும் யோசிப்பதில்லை என்பதுதான் என்னுடைய குறை.

நம்முடைய வீடுகளில் பூனையின் கழுத்தில் ஏறுகிற வஸ்துக்களைச் சற்றே நினைத்துப் பாருங்கள். கண் திருஷ்டி படாமலிருப்பதற்காகக் கட்டும் கறுப்புக் கயிறு. குழந்தையின் கால் வளர்ந்துவிட்டபடியால் பெட்டிக்குள் சும்மா கிடந்த கொலுசிலிருந்து பாட்டியம்மாள் பிரியத்தோடு கழற்றிக் கோத்த வெள்ளிச் சலங்கை. பட்சணப் பெட்டியைச் சுற்றி வந்த ஜரிகை நாடா. இவற்றையெல்லாம் பட்டிக்காட்டுத்தனம் என்று எண்ணுகிற நாகரிக இல்லங்களிலோ, நாய்க்கென்றும் பூனைக்கென்றும் பேதமில்லாமல் கடை வாசலில் கொத்தாகத் தொங்கவிட்டு விற்கிற 'பெல்ட்'. கட்டுகிறவர்களின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நாயின் கழுத்துப்பட்டைக்கும் பூனையின் கழுத்துப்பட்டைக்கும் தர்மமே வேறு. நாய் எவ்வளவு பலமாக இழுத்தாலும் விட்டுக்கொடுக்காமல் பிடித்து நிற்பது நாய்ப்பட்டையின் யோக்கியதை. பூனை ஓரிடத்திலே சிக்கிக்கொண்டு உதறுகிற அந்த க்ஷணத்திலே தானாகக் கழன்று விழுந்துவிடுவதுதான் பூனைப்பட்டையின் யோக்கியதை. இந்த ஒரு வித்தியாசத்தை மனத்தில் வாங்கிக்கொண்டவர்களுக்கு நான் இனிச் சொல்லப்போவதில் பெரும்பகுதி தானாகவே விளங்கிவிடும். அவர்கள் இப்பொழுதே எழுந்து போனாலும் நான் வருத்தப்பட மாட்டேன்.

பூனையைக் கட்டுகிற வழக்கம் மிகவும் புராதனமானது. எகிப்து தேசத்தில், தீப்ஸ் நகரத்துக் கல்லறைகளில் ஒன்றிலே, ஏறக்குறைய 3,400 வருஷங்களுக்கு முன் தீட்டிய சுவர்ச்சித்திரம் ஒன்றுண்டு. அதிலே நாற்காலிக் காலோடு கயிற்றால் பிணைக்கப்பட்ட ஒரு பூனை, ஆகாரக் கிண்ணத்தை நோக்கிக் கையை நீட்டித் தவிக்கிறது. சித்திரக்காரன் எவனோ, பூனை வளர்த்தவனாகத்தான் இருக்க வேண்டும். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிற, சுமார் 2,600 வருஷங்களுக்கு முற்பட்ட வெண்கலப் பூனையோ காதிலும் மூக்கிலும் பொன் வளையங்களும் மார்பிலே பதக்கமும் பூண்டு கம்பீரமாக வீற்றிருக்கிறது. அது தெய்வ வடிவமாகையால் மதிலேறிக் குதிக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. ஜப்பானியர்களுடைய புகழ்பெற்ற பழைய இலக்கியமாகிய 'கெஞ்ஜியின் கதை'யிலே, ஏறக்குறைய ஆயிரம் வருஷங்களுக்கு முன் முரசாகி என்னும் பெண்மணி வர்ணித்திருக்கிற ஒரு கட்டம் நம்முடைய விஷயத்துக்கு மிகவும் பொருத்தமானது. நீண்ட கயிற்றில் கட்டிய சிறு பூனையொன்று, பெரிய பூனை துரத்தியதால் மிரண்டு ஓட, கயிறு சிக்கிக்கொண்டு வாசல் திரை விலகிவிடுகிறது. திரைக்குப் பின்னாலிருந்த இளவரசியை, பார்க்கக் கூடாத ஓர் இளைஞன் பார்த்துவிடுகிறான். அந்தப் பார்வையிலிருந்து ஒரு குடும்பத்தின் துயரமெல்லாம் கிளைக்கிறது. அதே தேசத்தில், 1602ஆம் வருஷத்தில், கியோட்டோ நகரத்தார் தங்கள் பூனைகளைக் கட்டவிழ்த்து விட்டுவிட வேண்டுமென்று அதிகாரிகள் கட்டளையே பிறப்பித்தார்கள். எலிகளுக்குத்தான் அது துக்கச் செய்தியாக இருந்திருக்கும்.

இனிப் பூனையின் சரீர அமைப்புக்கு வருகிறேன். நமக்குத் தோளையும் மார்பெலும்பையும் இணைத்து நிற்கிற காறையெலும்பு, பூனைக்கு ஒரு சிறு துண்டாகத் தேய்ந்து, வேறெந்த எலும்போடும் மூட்டுக்கொள்ளாமல் சதைக்குள்ளே மிதந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் தலை நுழைகிற சந்தில் அதன் உடம்பும் நுழைந்துவிடுகிறது. அடுக்களைச் சன்னல் கம்பிகளுக்கிடையிலும், மாடிப்படியின் கிராதியிலும், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலும் புகுந்து புறப்படுகிற சாமர்த்தியம் அதற்கு வாய்த்தது இந்த அமைப்பினாலேதான். முன்னங்கால்களைப் பல திசைகளிலும் மடக்கவும் நீட்டவும் வல்ல பிராணி அது. அத்துடன், விழித்திருக்கிற நேரத்தில் கணிசமான பகுதியைத் தன் மேனியை நக்கிச் சுத்தம் செய்வதிலேயே செலவிடுகிற ஆசாரசீலமும் அதனுடைய சுபாவம். சந்தில் நுழைவது, காலை மடக்குவது, கழுத்தை வளைத்து நக்குவது ஆகிய இந்த மூன்று காரியங்களையும் ஓயாமல் செய்கிற ஒரு ஜீவனின் கழுத்திலே நெகிழாத வளையம் ஒன்றை மாட்டினால் என்ன நேரும் என்பதை ஊகிக்கப் பெரிய சாஸ்திர ஞானம் வேண்டியதில்லை.

நான் கண்ணாரக் கண்ட ஒன்றைச் சொல்லுகிறேன். எனக்குப் பழக்கமான ஒரு மிருக வைத்தியரின் வைத்தியசாலைக்குப் போயிருந்தபோது, சில நாள் காணாமற்போய்த் திரும்பி வந்ததென்று ஒரு செவலைப் பூனையைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அதன் கழுத்திலே இருந்த பட்டை, ஒரு பக்கத்துத் தோளின் மேலிருந்து மறுபக்கத்து அக்குளுக்குக் கீழாகப் பூணூல் போலக் குறுக்கே கிடந்தது. பட்டை தளர்வாக இருந்திருக்கிறது. அதைக் கழற்ற எண்ணியோ, அரிப்புக்குச் சொறியும்போதோ, பூனை தன் முன்னங்காலை அதற்குள் நுழைத்துவிட்டது. நுழைந்த காலை வெளியே எடுக்கத் தெரியவில்லை. பிறகு அது நடந்த ஒவ்வோர் அடியும் அந்தப் பட்டையை அக்குளின் மென்மையான தோலுக்குள் அறுத்துக்கொண்டே போயிருக்கிறது. வைத்தியர் ரோமத்தைச் சிரைத்துவிட்டுக் காட்டியபோது பட்டையின் ஒரு பக்கம் சதைக்குள் புதைந்து கண்ணுக்கே தென்படவில்லை. அந்த வாசனையைப் பற்றி இந்தச் சபையிலே நான் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை. இத்தகைய புண் சுலபத்தில் ஆறுவதில்லை என்றும், நடக்கும்போதெல்லாம் அக்குள் இழுபடுவதால் போட்ட தையல் பிரிந்து மறுபடியும் மறுபடியும் தைக்க நேர்வதுண்டு என்றும் அவர் சொன்னார். பூனையைக் கொண்டுவந்த அம்மாள், "நல்ல கெட்டியான பட்டை என்றுதான் பார்த்து வாங்கினோம், ஸார்" என்று சொல்லி அழுதாள்.

மற்ற இரண்டு விபத்துக்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதிலிலிருந்தோ முருங்கைக் கிளையிலிருந்தோ குதிக்கும்போது பட்டை ஓர் ஆணியிலோ கம்பி முனையிலோ மாட்டிக்கொண்டால் பூனை தொங்கிப்போகிறது. இதை மேலும் விவரிக்க வேண்டியதில்லை. நக்கிச் சுத்தம் செய்யும்போது கீழ்த்தாடை பட்டைக்குள் புகுந்துகொண்டால், வாய் திறந்தபடியே நின்று, பல்லும் உதடும் கிழிபடப் பேயறைந்ததுபோல் ஓடுகிறது. பட்டையைப் புதிதாய்ப் போட்ட முதல் இரண்டு நாட்களில் இது நேர்வதற்கு அதிக இடமுண்டு. ஆகையால் அந்த நாட்களில் வீட்டிலே ஆள் இருக்கும்போது மாத்திரமே பட்டையைப் போட்டுப் பழக்க வேண்டும்.

இந்த அபாயங்களுக்குப் பரிகாரமாக முதலில் வந்தது, ரப்பர் இழை சேர்த்து நெய்து, இழுத்தால் நீளுகிற எலாஸ்டிக் பட்டை. கழுத்து சிக்கினால் பட்டை நீண்டு, தலை வெளியே வந்துவிடும் என்பது அதைச் செய்தவர்களின் எண்ணம். எண்ணம் நல்லதுதான், ஆனால் தலை வெளிவருகிற அளவுக்கு நீளுகிற பட்டைக்குள் கால் நுழைவதும் எளிது, தாடை நுழைவதும் எளிது என்பதையும், நுழைந்த பிறகு அது மறுபடியும் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் என்பதையும் அவர்கள் போதுமான அளவு யோசிக்கவில்லை. கடையிலே 'பூனைக்கு ரொம்ப சேஃப்' என்று சொல்லி எலாஸ்டிக் பட்டையைக் கையில் கொடுத்தால், நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்பதே என் அபிப்பிராயம். வேண்டியது, சிக்கி இழுபட்டால் கொக்கி தானாகவே திறந்துகொள்கிற பட்டை.

இவ்வளவையும் கேட்டபின், பூனைக்குப் பட்டையே வேண்டாமே என்று சிலர் நினைக்கக்கூடும். அமெரிக்காவில் ஓஹியோ மாகாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிருக வைத்திய ஆசிரியர் ஒருவர் தலைமையில் நடந்து, 2010இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இவ்விஷயத்தில் நமக்கு உதவுகிறது. சாதாரணக் கொக்கிப் பட்டை, தானாகத் திறக்கும் பட்டை, எலாஸ்டிக் பட்டை என்ற மூன்று வகைகளையும் 538 பூனைகளுக்குப் போட்டு ஆறு மாதம் கவனித்தார்கள். ஆறு மாதமும் பட்டையோடு இருந்த பூனைகள் 391. பூனை பட்டையைச் சகிக்கவே சகிக்காது என்று நாம் சொல்லுவது வெறும் பேச்சு என்பது இதனால் தெரிகிறது. பட்டை காலிலோ வாயிலோ வேறு பொருளிலோ சிக்கியதென்று சொல்லப்பட்ட பூனைகள் 18. நூற்றுக்கு மூன்றுதானே என்று ஒருவர் அலட்சியமாகச் சொல்லலாம். ஆனால் அந்தக் கணக்கு ஆறு மாதத்துக்கு உரியது, பூனையோ பதினைந்து வருஷம் வாழக்கூடியது.

கடைக்குப் போனால் எப்படிப் பார்த்து வாங்குவது? பட்டையைக் கையில் வாங்கிக் கொக்கியை மாத்திரம் உற்றுப் பாருங்கள். ஒரு முனையிலே நாக்கும் மறு முனையிலே அதை வாங்கிக்கொள்கிற கூடும் இருக்கும். சாதாரணக் கொக்கியில் நாக்கின் இரு கொம்புகளும் கூட்டின் பக்கங்களில் பிதுங்கி நிற்கும். அவற்றை இரு விரல்களால் அமுக்கினாலொழியக் கொக்கி திறவாது. பள்ளிக்கூடப் பைகளில் இருப்பது அதுதான்; அது பூனைக்கு ஆகாது. தானாகத் திறக்கும் கொக்கியில் அந்தக் கொம்புகளின் ஓரம் மழுங்கி வளைந்திருக்கும். அமுக்காமலே நேராக இழுத்தால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். அட்டையிலே பூனைப்படம் போட்டிருப்பதையும், மேலே என்ன எழுதியிருக்கிறதென்பதையும் நம்பிவிடாதீர்கள். கொக்கியை மாட்டி, வளையத்துக்குள் இரண்டு கைவிரல்களையும் கோத்து, கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லையென்று இழுத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் இன்னொரு பரீட்சையும் செய்யலாம். பட்டையை மாட்டி ஓர் ஆணியில் தொங்கவிட்டு, அதன் அடிப்பக்கத்தில் இரண்டு கிலோ அரிசிப் பையைக் கோத்துவிடுங்கள். கொக்கி திறந்து பை கீழே விழ வேண்டும். நம் வீட்டுப் பூனை மூன்று நான்கு கிலோ நிறையுள்ளதாகையால், அதன் பாரத்துக்குக் குறைந்த பாரத்திலேயே திறவாத கொக்கியால் அதற்குப் பிரயோஜனம் இல்லை. கூட்டுக்குள் ரோமமும் அழுக்கும் சேர்ந்தால் கொக்கி முறுகிப்போகும். மாதத்துக்கு ஒரு தடவை கழற்றிக் கழுவுவது நல்லது.

பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாகவும் இரண்டு விரல் சற்றுச் சிரமப்பட்டும் நுழைய வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் கால் நுழையும், குறைந்தால் கழுத்து நெரியும். பூனைக்குட்டிக்கு ஆறு மாதம் ஆகும் வரையில் பட்டையே வேண்டியதில்லை. போட்டுத்தான் தீருவேன் என்கிறவர்கள் வாரந்தோறும் விரல் விட்டுப் பார்க்க வேண்டும். குட்டியின் கழுத்தில் ஆசையோடு கட்டிய கயிறு, குட்டி வளர வளரத் தோலுக்குள் புதைந்துபோவது மிருக வைத்தியர்களுக்குப் பழகிப்போன காட்சி. தெருவிலே நாம் சோறு வைக்கிற பூனைக்குப் பட்டை கட்டாதீர்கள் என்று நான் கேட்டுக்கொள்வதும் இதனால்தான்; நாளைக்கு அதைத் தளர்த்திவிட அது நம் கைக்கு வரும் என்பது நிச்சயமில்லை.

மணியைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சிட்டுக்குருவியையும் அணிலையும் காப்பாற்றுவதற்காக மணி கட்டுகிறோம் என்பவர்களின் கட்சிக்கு ஆதாரம் இல்லாமலில்லை. இங்கிலாந்தில் செய்து 2005இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், மணி கட்டிய பூனைகள், வெறும் பட்டை போட்டவற்றைக் காட்டிலும் நூற்றுக்கு 41 பங்கு குறைவாகப் பறவைகளையும் 34 பங்கு குறைவாக எலி முதலியவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தன. ஆனால் 2021இல் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் செய்த ஆராய்ச்சியிலோ மணியினால் குறிப்பிடத்தக்க பலன் ஒன்றும் தென்படவில்லை. பட்டையின் மேல் பளிச்சென்ற பல வர்ணத் துணியுறை மாட்டியபோது பறவை வேட்டை நூற்றுக்கு 42 பங்கு குறைந்தது. அதைவிட எனக்கு ரஸமாகப் பட்டது, மாமிசம் மிகுந்த ஆகாரம் கொடுத்ததில் வேட்டை 36 பங்கும், தினந்தோறும் ஐந்து பத்து நிமிஷம் பூனையோடு விளையாடியதில் 25 பங்கும் குறைந்தன என்பதே. தயிர்சாதத்தைப் போட்டுவிட்டுப் பூனை அணிலைப் பிடிக்கிறதே என்று அங்கலாய்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். நம்முடைய செவிக்கு எட்டாத நுண்ணிய ஒலிகளையெல்லாம் கேட்கும் பிராணியின் தொண்டைக்குக் கீழே இரவும் பகலும் ஒன்று கிணுகிணுத்துக்கொண்டிருப்பது அதற்கு இன்பமா துன்பமா என்பதை அது சொல்லப்போவதில்லை. வீட்டைவிட்டு வெளியே போகாத பூனைக்கு மணி வேண்டியதே இல்லை. வெளியே போவதற்குக் கட்டினால், ஒற்றை மணியாக, நகம் நுழைய இடைவெளியில்லாத மணியாகப் பார்த்துக் கட்டுங்கள்.

தெள்ளும் உண்ணியும் வராமலிருக்க மருந்து தோய்த்த பட்டைகள் விற்கின்றன. நாய்க்கென்று செய்த மருந்துப் பட்டையைப் பூனைக்குப் போடவே கூடாது. செவ்வந்தியினத்துப் பூவொன்றிலிருந்து கிடைக்கிற விஷத்தைப் பின்பற்றி ரசாயன முறையில் செய்த பெர்மெத்ரின் என்னும் சரக்கு நாய்க்கு ஒன்றும் செய்வதில்லை. பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கும் சக்தி போதாதாகையால், உடம்பு நடுங்கி, வலிப்புக் கண்டு, உயிருக்கே ஆபத்தாக முடிகிறது. அமிட்ராஸ் என்பதும் பூனைக்கு ஆகாததே. வைத்தியர் எழுதிக் கொடுத்தாலன்றி மருந்துப் பட்டை பக்கமே போகாதீர்கள்.

தானாகக் கழலுகிற பட்டையை வாங்கினால் அது தொலைந்துபோய்விடுகிறதே என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். உண்மைதான், தொலையும். ஒரு பட்டை தொலைந்ததென்றால், எங்கேயோ ஒரு கம்பியில் சிக்கிய பூனை தப்பி வந்திருக்கலாம் என்று பொருள். அந்த நூறு இருநூறு ரூபாய்க்கு நான் கணக்குப் பார்க்க மாட்டேன். பூனை எங்கே திரிகிறதென்று காட்டும் கருவிகளைப் பட்டையில் பொருத்தி விற்கிறார்கள்; விலையுயர்ந்த கருவி கழன்று விழுந்துவிடுமே என்று அவற்றுள் சிலவற்றைக் கழலாத பட்டையோடு செய்வதும் உண்டு. அங்கே காப்பாற்றப்படுவது கருவிதான், பூனையல்ல.

பட்டையின் உண்மையான உபயோகம், வழி தவறிய பூனையைக் கண்டெடுத்த அந்நியருக்கு இது இன்னார் வீட்டுப் பூனை என்று சொல்லுவது ஒன்றுதான். அதற்குத் தொங்குகிற வில்லை எதற்கு? அதுவும் ஒரு சிக்கல். பட்டையின் மேலேயே பத்து இலக்க டெலிபோன் எண்ணை நூலால் தைத்துவிடலாம், அல்லது துணியில் அழியாத மையால் எழுதிவிடலாம். சலவைத் தொழிலாளர் குறி போடும் சேராங்கொட்டை மையை மாத்திரம் உபயோகிக்க வேண்டாம். அது தோலைப் புண்ணாக்கிவிடும். பட்டை தொலைந்த நாளுக்கு ஆதாரமாகத் தோளெலும்புகளுக்கு நடுவே தோலின் கீழ் அரிசி மணியளவான மைக்ரோசிப்பை ஊசியால் செலுத்தி வைப்பது உத்தமம். நான் முன்னே சொன்ன அமெரிக்க ஆராய்ச்சியில், ஆறு மாதத்துக்குப் பின் சோதித்த 478 சிப்புகளில் 477 சரியாக வேலை செய்தன. இங்கிலாந்திலே 2024ஆம் வருஷம் ஜூன் 10ஆம் தேதி முதல், பிறந்து இருபது வாரத்துக்குள் பூனைக்கு இதைப் பொருத்தியாக வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. தவறினால் 500 பவுன் வரை அபராதம். ஆனால் சிப்பைப் படிக்கிற கருவி வைத்தியரிடம்தான் இருக்கும், பக்கத்துத் தெருவில் பால் வாங்கப் போகிறவரிடம் இராது. ஆகவே ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாமென்று ஆகிவிடாது.

அந்நாட்டில் 1927இல் தோன்றிப் பூனைகளுக்காக உழைத்துவருகிற 'கேட்ஸ் புரொடெக்ஷன்' என்னும் சங்கத்தார் கடைப்பிடிக்கும் ஓர் உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டுக்கு அடிக்கடி வந்து போகிற அந்நியப் பூனைக்குச் சொந்தக்காரர் உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள, ஒரு காகிதத் துண்டிலே, இந்தப் பூனை உங்களுடையதானால் இந்த எண்ணுக்குத் தெரிவியுங்கள் என்று எழுதி, கழுத்தில் தளர்வாகச் சுற்றி ஒட்டிவிடுகிறார்கள். சிக்கினால் காகிதம் கிழிந்துவிடும். மழையில் நனைந்தாலும் கிழிந்துவிடும். அதற்குள் பதில் வந்தாலும் வரும். நம் ஊரிலும் இதைச் செய்வதற்கு ஒரு காசு செலவில்லை.

உங்கள் பொறுமையை நான் இதற்குமேல் சோதிக்கலாகாது. ஒரு விண்ணப்பம் மாத்திரம் உண்டு. இன்று வீடு திரும்பியதும், கைகால் கழுவுவதற்கு முன்னால், உங்கள் பூனையைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு, அதன் கழுத்திலே இருப்பது எதுவானாலும் அதற்குள் விரலை விட்டு இழுத்துப் பாருங்கள். அது திறந்துகொண்டால் மறுபடியும் மாட்டிவிடுங்கள். திறவாவிட்டால், அது பாட்டியம்மாள் கட்டிய கயிறாக இருந்தாலும் சரி, வெள்ளிச் சலங்கை கோத்ததாக இருந்தாலும் சரி, கத்தரிக்கோலை எடுத்து இன்று ராத்திரியே வெட்டிவிடுங்கள். சலங்கையைப் பாட்டியம்மாளிடம் பத்திரமாகக் கொடுத்துவிடலாம்.